பளிங்குக்கு எண்ணெய்க்காப்பு

வீட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாரே, தரை துடைப்பது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அதை முழங்கால் தானாகவே கற்றுக்கொள்ளும். கற்று முடித்ததும் இனி மடங்க மாட்டேன் என்று சொல்லிவிடும். என்னுடையது ஐம்பத்திரண்டாவது வயதில் அப்படிச் சொன்னது. அதனால்தான் நான் இப்போது ஓய்வுபெற்ற பெரிய மனிதர். இந்த இத்தாலியத் தீவில், பலேர்மோ நகரத்தின் ஒரு பல்கனியில் உட்கார்ந்து, எதிர்வீட்டு யன்னல் கண்ணாடியை யாரோ துடைக்கும்போது மூலையை விட்டுவிட்டார்கள் என்று குறை பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

எந்தச் சவர்க்காரம் நல்லது, எந்த வீட்டு எசமானி, எந்தச் சின்யோரா பொல்லாதவர், ஆகஸ்டில் விடுமுறை தருவார்களா என்றெல்லாம் கேட்கிறீர்கள். ஒரு பொருளைக் கெடுத்துவிட்ட பிறகு வரும் முதல் கால்மணி நேரத்தில் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தப் பாடத்தில் நான் பேராசிரியர். அந்தக் கால்மணி நேரத்தில் ஒரு மனிதன் செய்யக்கூடிய மடைத்தனங்களை ஒன்று விடாமல் செய்து பார்த்திருக்கிறேன்.

வந்த முதல் வருடம் ஒரு வீட்டில் கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்தேன். துண்டுகளைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் அடுக்கி, மேலே ஒரு கை சோற்றைப் பரப்பி, என் அறைக்குக் கொண்டுபோனேன். வழியில் பொலிஸ் மறித்துத் திறந்து பார்த்தால் "எங்கள் ஊர்ச் சாப்பாடு இப்படித்தான்" என்று சொல்ல ஓர் இத்தாலிய வசனம்கூடப் பாடமாக்கி வைத்திருந்தேன். அடுத்த நாள் அந்த வீட்டுக்காரர், "அந்த அவலட்சணமான கிண்ணத்தை எறிந்துவிட்டாயா? நல்ல வேலை செய்தாய்" என்றார். இரவு முழுவதும் நடுங்கியது வீண்.

இனிச் சொல்லப்போவது அப்படி முடியவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. லிபெர்த்தா வீதியில், நாலாம் மாடியில், கணவரை இழந்த ஒரு சின்யோராவின் வீட்டில் எனக்கு வேலை. கணவர் பழைய கிரேக்கச் சிற்பங்களைப் பற்றிப் படிப்பித்த பேராசிரியர். அவர் விட்டுப்போனவை ஓர் அறை நிறையப் புத்தகமும், நடுவில் ஒரு கல்லும். கல் என்றால் ஓர் இளைஞனின் பளிங்குச் சிலை. சிலை என்றால் பாதிச் சிலை. இடுப்புக்கு மேலே ஒன்றும் இல்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் வயது. வீட்டுக்குள் இருந்தாலும் அரசாங்கப் பதிவேட்டில் இருக்கும் கல். அதற்கு ஏதாவது நடந்தால் சின்யோராதான் பதில் சொல்லவேண்டும். இந்தத் தீவில் நல்ல பளிங்கு கிடையாதாம். அதுவும் நம்மைப்போலக் கடல் கடந்து வந்ததுதான். ஒரு வித்தியாசம், அதனிடம் யாரும் பெர்மெசோ, அதுதான் தங்கும் அனுமதிப் பத்திரம், கேட்கவில்லை.

எனக்கு இருந்த கட்டளை ஒன்றே ஒன்று. மெல்லிய தூரிகை, அதுவும் உலர்ந்த தூரிகை. தண்ணீர் கூடாது, துணி கூடாது, கை படவே கூடாது.

விருந்தினர் வந்தால் சின்யோரா கணவரின் விரிவுரையை அப்படியே ஒப்புவிப்பார். கோப்பித் தட்டுடன் நின்று நின்று எனக்கும் அது பாடமாகிவிட்டது. கிரேக்கர்கள் தொடக்கத்தில் செய்த கல் இளைஞர்கள் எல்லோரும் இரண்டு காலிலும் சமமாகப் பாரத்தைப் போட்டு, பள்ளிக்கூட அணிவகுப்பில் நிற்பதுபோல நிற்பார்களாம். முழங்கால் என்றால் முழங்காலைப்போல ஒரு கோலம் கீறியிருக்கும், அவ்வளவுதான். பிறகு ஓரிரு தலைமுறைக்குள் யாரோ ஒருவன் உளியைக் கீழே வைத்துவிட்டு, நிற்கும் மனிதனை உண்மையாகவே பார்த்தான். மனிதன் ஒரு காலில் நிற்கிறான், மற்றக் காலை இளைப்பாற விடுகிறான் என்பதைக் கண்டான். எங்கள் இளைஞன் அப்படித்தான் நின்றான். வலது இடுப்பு மேலே ஏறி, வலது தொடை இறுகி, முழங்கால் சில்லு மேலே இழுபட்டிருந்தது. இடது முழங்கால் சற்று முன்னுக்கு வந்து, அதன்மேல் தோல் தளர்ந்து ஒரு சிறு மடிப்பு விழுந்திருந்தது. வலது பாதத்தில் ஒரு நரம்பு புடைத்திருந்தது. இடது பாதத்தில் அது இல்லை. எங்கள் ஊர்க் கோயில் சிலைகளும் இடுப்பை ஒடித்து நிற்கும், ஆனால் களைக்காது. களைத்துப்போன கடவுளிடம் யார் போய்க் குறை சொல்லுவது?

அந்த வாரம் எனக்கு முக்கியமான வாரம். வெள்ளிக்கிழமை குவெஸ்தூராவில், அதுதான் உங்களுக்குத் தெரிந்த அந்தப் பொலிஸ் அலுவலகத்தில், என் பெர்மெசோவைப் புதுப்பிக்கும் நாள். அதற்கு, நான் அவர் வீட்டில் வேலை செய்கிறேன் என்று சின்யோரா கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். பெர்மெசோ புதிதானால்தான் கொழும்பில் ஒரு லொட்ஜில் இரண்டு வருடமாகப் பெட்டியை அவிழ்க்காமல் காத்திருக்கும் மனைவியையும் மகளையும் கூப்பிட மனுப்போடலாம். கடிதம் தட்டச்சாகி மேசையில் கிடந்தது. கையெழுத்து மட்டும் இல்லை. வியாழக்கிழமை அரசாங்கத்திலிருந்து சிற்பங்களைப் பழுதுபார்க்கும் ஒரு பெண் வந்து கல்லைப் பார்த்துப் படம் எடுப்பதாக இருந்தது. "அந்தத் தலையிடி முடியட்டும் சிவா, பின்னேரம் உன் கடிதத்தில் கையெழுத்து வைக்கிறேன்" என்றார் சின்யோரா. புதன்கிழமை காலை, "கல் நன்றாகத் தெரியவேண்டும்" என்று சொல்லிவிட்டுத் தலைமுடி வெட்ட பொலிதேயாமாப் பக்கம் போய்விட்டார்.

நன்றாகத் தெரியவேண்டும். இந்த இரண்டு சொல்தான் என்னைக் கெடுத்தது.

தூரிகையால் தட்டினேன். தூசி போனது. கல் வெளிறி, வறண்டு, குளிர்காலத்துக் குதிகால்போல இருந்தது. நாளைக்குப் பெரிய இடத்திலிருந்து ஆள் வருகிறது. ஊரில் கும்பாபிஷேகத்துக்கு முன்னதாக என்ன செய்வோம்? எண்ணெய்க்காப்பு. மற்ற நாளெல்லாம் ஐயர் மட்டும் தொடும் மூர்த்தியை அன்று ஊரே வரிசையில் நின்று தன் கையால் தொட்டு எண்ணெய் சாத்தும். கருங்கல் எண்ணெய் பட்டதும் அப்போதுதான் பிறந்ததுபோல மினுங்கும். கல்லுக்கு எண்ணெய் நல்லது என்பது எனக்கு யாரும் சொல்லித்தந்த விஷயம் அல்ல. தண்ணீர் நனைக்கும் என்பதுபோலத் தெரிந்த விஷயம். வுச்சீரியாச் சந்தைப் பக்கத்துக் கடையில் வாங்கிய நல்லெண்ணெய்ப் போத்தல் என் பையில் இருந்தது. மத்தியானத்தில் என் முழங்காலுக்குப் பூசுவது. உள்ளங்கையில் ஊற்றினேன். செருப்பைக்கூடக் கழற்றினேன் என்றால் பாருங்கள். வலது முழங்காலில் தொடங்கி, கணுக்கால்வரை அழுத்தித் தேய்த்தேன்.

மினுங்கவில்லை. பளிங்கு குடித்தது.

முழங்காலில் இருந்து கீழே, நனைந்த காற்சட்டைபோல ஒரு கறை கறுத்துக்கொண்டே போனது. அப்போது தொடங்கியது என் கால்மணி நேரம். சமையலறைக் கடதாசியால் ஒற்றினேன். குழந்தைப் பிள்ளைக்குப்போலப் பவுடர் போட்டேன். பவுடர் எண்ணெயில் ஊறிப் பசையானது. கோதுமை மா எண்ணெயை இழுக்கும் என்று மாவைப் பூசினேன். மாவைக் கழுவ வெந்நீரும் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் கொண்டுவந்தேன். கட்டளையில் கூடாது என்று சொன்ன ஒவ்வொன்றையும் வரிசை தவறாமல் செய்து முடித்துவிட்டு, சமையலறை யன்னலால் தலையை நீட்டி மேல்மாடியைப் பார்த்து, "மகேஸ்வரி அக்கா!" என்று கத்தினேன்.

மகேஸ்வரி அக்கா ஐந்தாம் மாடியில் வேலை செய்தார். இரண்டு பிள்ளைகள், தனியாக வளர்க்கிறார். அந்த வீட்டு மொட்டைமாடியில், எங்கள் கூரைக்கு நேர் மேலே, நாற்பது பூச்சட்டி. தண்ணீர் விடுவது அவர் வேலை. அந்த வருடம் வசந்தத்தில் ஒருநாள் குழாயைப் பூட்ட மறந்து, தண்ணீர் எங்கள் கூரைக்குள் இறங்கி, மேல்வீட்டு அம்மாவுக்கும் எங்கள் சின்யோராவுக்கும் பெரிய சண்டை. இன்னொருமுறை நடந்தால் வேலை இல்லை என்று அக்காவுக்குச் சொல்லியாகிவிட்டது.

அக்கா பின்படியால் இறங்கி வந்தார். கையில் இன்னும் துடைப்பத் துணி. சிலையைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், என் வெறுங்காலைப் பார்த்தார்.

"உதென்னடா தம்பி, தோசையே சுட்டனீ?"

"எண்ணெய்க்காப்பு, அக்கா."

"ஆருக்கு? தலையுமில்லை, கையுமில்லை. எந்தச் சாமியெண்டு நினைச்சனீ?"

"பகிடி விடாதேங்கோ. கறை போகுதில்லை. நாளைக்கு அந்த மனுசி வருது."

"மா என்னத்துக்குப் பூசினனீ?"

"எண்ணெயை இழுக்குமெண்டு..."

"இன்னும் கடுகும் கறிவேப்பிலையுந்தான் பாக்கி."

அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. "அக்கா, மற்றக் காலுக்கும் பூசிவிட்டா என்ன? ரெண்டும் ஒண்டுபோலை இருந்தா கறையெண்டு தெரியாதல்லோ." போத்தலைத் திறந்தும்விட்டேன்.

அக்கா என் கையைப் பிடித்தார். "விசரே உனக்கு? செய்தவனே ரெண்டு காலையும் ஒண்டுபோலைச் செய்யேல்லை. நீ எண்ணெயாலை ஒண்டாக்கப் போறியோ? வடிவாப் பார். இவன் வலக்காலிலையல்லோ நிக்கிறான். இடக்காலைச் சும்மா வைச்சிருக்கிறான். பின்னேரம் இஸ்திரி போடேக்கை நான் நிக்கிறன், அந்த மாதிரி. பாவம், களைச்சுப்போய் நிக்கிறான்."

மூன்று வருடம் கோப்பித் தட்டுடன் நின்று நான் பாடமாக்கியதை அவர் துடைப்பத் துணியுடன் ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டார். எனக்கு அதை வியக்க நேரமில்லை. போத்தலை மூடினேன். அந்த ஒரு மடைத்தனம் மட்டும் நடக்காமல் போனது அவர் கையால்.

"சின்யோரா வந்த உடனை சொல்லு" என்றார் படியேறும்போது.

"ஓம், சொல்லுறன்."

சொல்லவில்லை. சின்யோரா புதுத் தலைமுடியுடன் வந்தார், சந்தோஷமாக இருந்தார். அறையின் மரக்கதவு யன்னல்களைச் சாத்திவிட்டேன். வெக்கை உள்ளே வராமல் இருக்க என்றேன். அவர் எட்டிப் பார்த்து, இருட்டில் ஒன்றும் தெரியாமல், "நல்லது" என்றார். நாளைக்குள் காய்ந்துவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். கல்லாவது காய்வதாவது.

வியாழன் பத்து மணிக்கு அந்தப் பெண் வந்தார். படித்த பெண்களை இங்கே கூப்பிடுவதுபோல சின்யோரா அவரைத் "தொத்தோரெசா" என்று கூப்பிட்டார். என்னிலும் இளையவர். முதல் வேலையாக யன்னலைத் திறந்தார்.

வெயில் நேரே வலது காலில் விழுந்தது. இரவுக்குள் கறை மஞ்சள் கலந்த சாம்பலாகி, அகன்று, தொடைக்கு ஏறியிருந்தது. சின்யோராவின் முகத்தில் இருந்த இரத்தம் எங்கே போனதோ தெரியாது. அவர் முதலில் கல்லைப் பார்த்தார். பிறகு மேலே, கூரையில் இருந்த பழைய நீர்த் தடத்தைப் பார்த்தார்.

"தண்ணீர்" என்றார். "மேலே இருப்பவர்கள். அந்த வேலைக்காரி. இந்தமுறை நான் விடப்போவதில்லை."

தொலைபேசி அதே அறையில், மேசையில், என் கடிதத்துக்குப் பக்கத்தில் இருந்தது. விரலை விட்டுச் சுழற்றும் பழைய வகை. மேல்வீட்டு எண் ஆறு இலக்கம். சண்டைக் காலத்தில் நானே பலமுறை சுழற்றிக் கொடுத்ததால் எனக்கு மனப்பாடம்.

முதல் இலக்கம். வட்டு போய்த் திரும்பியது. இரண்டாவது. நான் கடிதத்தைப் பார்த்தேன். மூன்றாவது. அக்கா கெட்டிக்காரி, எப்படியும் சமாளிப்பார் என்று நினைத்தேன். நான்காவது ஒன்பது, அது திரும்பி வர ஒரு யுகம் எடுத்தது. அந்த யுகத்தில் என் மகள் லொட்ஜ் வாசலில் நிற்பதைக் கண்டேன், அக்காவின் இரண்டு பிள்ளைகளும் பள்ளிப் பையுடன் நிற்பதையும் கண்டேன், அப்படியும் வாய் திறக்கவில்லை. ஐந்தாவது.

"சின்யோரா, தண்ணீர் இல்லை. எண்ணெய். நான்தான்."

அவர் விரல் ஆறாவது இலக்கத்தின் துளைக்குள் இருந்தது. எடுத்தார். ரிசீவரை வைத்தார்.

பிறகு நடந்ததை நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும். தொத்தோரெசா கத்தவில்லை. ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். "என்ன எண்ணெய்? எப்போது? எவ்வளவு? அதற்குப் பிறகு என்ன போட்டாய்? எல்லாவற்றையும் சொல்லு, ஒன்றையும் விடாதே." எள்ளெண்ணெய், நேற்றுக் காலை, ஒரு கை. பவுடர். கோதுமை மா. வெந்நீர். சவர்க்காரம், எலுமிச்சை வாசனை உள்ளது. அவர் எலுமிச்சையையும் எழுதினார். கசாப்புக் கடையில் முறைக்குக் காத்திருக்கும் ஆடுபோலத் தலை குனிந்து நின்றேன்.

"தண்ணீர்க் கறை என்று நினைத்திருந்தால் வேறு வைத்தியம் செய்திருப்பேன்" என்றார். "எண்ணெய் இன்னும் உள்ளே போயிருக்கும். பிறகு யாராலும் எடுக்க முடியாது."

அவர் பிறகு ஒரு கேள்வி கேட்டார். "ஏன் இந்தக் காலில் தொடங்கினாய்?"

"நிற்கிற கால் இதுதானே, தொத்தோரெசா. வலி இதில்தான் இருக்கும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். சின்யோராவுக்கு வரவில்லை. கதிரையில் உட்கார்ந்து, அந்தக் காலைப் பார்த்தார். "என் கணவர் இந்த முழங்காலைப் பற்றி முப்பது வருடம் பேசினார்" என்றார் யாரிடமோ சொல்வதுபோல. "வலிக்கும் என்று ஒருநாளும் சொல்லவில்லை."

தொத்தோரெசா வெள்ளைக் களிமண் போன்ற ஒன்றை ஏதோ திரவத்தில் குழைத்து, மூட்டுவலிக்குப் பற்றுப் போடுவதுபோலக் கல்லின் காலுக்குப் பற்றுப் போட்டார். பல வாரம் வந்து வந்து மாற்றினார். பெரும்பகுதி வெளியே வந்தது. முழங்காலின் பின்பக்கம் ஒரு மஞ்சள் நிழல் நின்றுவிட்டது. என் பெயரை அங்கே எழுதிவைத்ததுபோல.

அன்று பின்னேரம் சின்யோரா என்னைக் கூப்பிட்டார். கடிதம் முன்னால் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை இரண்டுமுறை வாசித்தார்.

"நீ நம்பத்தகுந்தவன் என்று இதில் எங்கும் இல்லை" என்றார். "என் வீட்டில் வேலை செய்கிறாய் என்று மட்டும்தான் இருக்கிறது. அது உண்மைதான்." கையெழுத்து வைத்தார். "அந்த அறைக்குள் இனிப் போகாதே."

போகவில்லை. அந்த வீட்டில் பிறகு பதினொரு வருடம் வேலை செய்தேன். அந்த அறையை அவர் தன் கையாலேயே கூட்டினார்.

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். மேல்வீட்டுத் தொலைபேசி அடிக்கவே இல்லை. அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, சொல்லாவிட்டால் தெரியவும் போவதில்லை. மனைவி, மகள், விமானச் சீட்டு என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் போயிருக்கலாம். கீழ்ப்படிவரை இறங்கியும்விட்டேன். பிறகு, வலித்த முழங்காலோடு, ஐந்து மாடி ஏறினேன்.

அக்கா மேல்வீட்டு அம்மாவுக்குக் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். "என்னடா, கடுதாசி கிடைச்சுதே?"

"கிடைச்சுது அக்கா." பிறகு சொன்னேன். கூரைத் தடம், தொலைபேசி, எல்லாம்.

அவர் அடுப்பைத் தணித்தார். "எத்தினையாவது நம்பரிலை வாய் திறந்தனீ?"

"அஞ்சு முடிய."

"எங்கடை நம்பருக்கு ஆறுதானே."

"ஓம், அக்கா."

"முதலாவதிலை சொல்லியிருக்கலாம்."

"ஓம்."

பொய் சொல்ல எனக்கு வழி இருந்தது. "ஒரு நிமிசம் நாக்கு எழும்பேல்லை" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாக்கு நன்றாகத்தான் இருந்தது. நான்தான் அதைப் பிடித்துவைத்திருந்தேன்.

அக்கா எண்ணெய் வடிய ஒரு கத்தரிக்காய்த் துண்டை எடுத்துத் தட்டில் வைத்தார். வழமையாக எனக்கு ஒரு துண்டு நீட்டுவார். நீட்டவில்லை.

"இண்டைக்கு நீ போ தம்பி" என்றார். "எனக்கு உன்னோடை கதைக்க ஏலாமக் கிடக்கு. நாளைக்கு வா."

வெள்ளிக்கிழமை குவெஸ்தூராவில் காலை தொடக்கம் நின்றேன். ஒரு காலில் கொஞ்சம், மற்றக் காலில் கொஞ்சம். கடிதத்தை வாங்கிப் பார்த்த அதிகாரி கொட்டாவி விட்டபடி முத்திரை குத்தினார். பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து, சோற்றைப் போட்டு, என் பக்கம் தள்ளினார்.

குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன்.